பல்லும் பள்ளமும்

தாமிரபரணிக் கரையில் நான் வளர்ந்த சிற்றூரில், எழுபதுகளின் இறுதியில், இரவு தங்கும் பேருந்து ஒன்று உண்டு. கடைசி நடையை முடித்துவிட்டு வந்து கோயிலுக்கு முன்னுள்ள புளியமரத்தடியில் நிற்கும். விடிந்ததும் ஆறேகால் மணிக்குத் திருநெல்வேலிக்குப் புறப்படும். மார்கழிப் பனியில் அது எளிதில் உயிர்பெறாது. ஓட்டுநர் பொத்தானை அழுத்துவார். முதலில் ‘கிர்ர்’ என்று ஒரு வறட்டு இரைச்சல், பிறகு இரும்பை இரும்பு கடிக்கும் ஓசை, பிறகு ஒன்றுமில்லை. “செல்ஃப் எடுக்கலை, கொஞ்சம் தள்ளி விடுங்க” என்று நடத்துநர் குரல் கொடுப்பார். காலைப் பூசை முடிந்து வெளியே வரும் ஆண்கள், தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வண்டியின் பின்னால் கை வைப்பார்கள். சிறுவர்களாகிய எங்களுக்கு அது அன்றாடத் திருவிழா.

அந்த வயதிலேயே எனக்கு ஓர் ஐயம் உண்டு. உள்ளே ஏதோ ஒன்று சுழல்வது காதில் விழுகிறது. ஆகவே அதற்கு வலு இருக்கிறது. தள்ளிவிட்டால் வண்டி ஓடுகிறது; ஆகவே எஞ்சினிலும் பழுதில்லை. பின் ஏன் புறப்படவில்லை? இந்த வினாவுக்கு விடை கிடைக்க எனக்கு இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. குருவாகி நான் பணியாற்றிய ஒரு பங்கில், பேருந்துப் பட்டறை ஒன்றில் வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு நாள் இதைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ரெண்டும் நல்லாத்தான் இருக்கு சாமி. ரெண்டும் சேர மாட்டேங்குது. அதான் கோளாறு.”

அந்தச் சேர்க்கையின் வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் சொல்ல விழைகிறேன். பல் வைத்த ஒரு சிறு சக்கரம், பல் வைத்த ஒரு பெரிய சக்கரத்தோடு எப்படிச் சேர்வது, சேர்ந்தபின் எப்படி விலகுவது என்ற இந்தச் சிறு வினாவைத் தீர்க்க மோட்டார் உலகம் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறது. அந்த வரலாற்றில் நம் நெல்லைச் சீமைக்கும் ஒரு பங்கு உண்டு.

கையால் சுற்றிய காலம்

நீராவி எஞ்சினுக்கு வால்வைத் திறந்துவிட்டால் போதும். அது நகரத் தொடங்கிவிடும். பெட்ரோல் எஞ்சின் அப்படியன்று. அது முதலில் காற்றையும் எரிபொருளையும் உள்ளிழுக்க வேண்டும். இழுத்ததை அழுத்த வேண்டும். அதன்பிறகே தீப்பொறியும் வெடிப்பும் வலுவும். இழுப்பதற்கும் அழுத்துவதற்கும் எஞ்சின் முன்னதாகவே சுழன்றுகொண்டிருக்க வேண்டும். அதாவது, தன் முதல் மூச்சை அது பிறரிடமிருந்தே பெறுகிறது.

தொடக்கத்தில் அந்த மூச்சைக் கொடுத்தது மனிதனின் கை. வண்டியின் மூக்கில் வளைந்த இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றுவார்கள். நம் பக்கத்தில் ‘ஹேண்டில் போடுவது’ என்பார்கள். ஓட்டுநர் தன் இருக்கையில் அமர்ந்திருக்க, அந்த வேலை பெரும்பாலும் கிளீனர் பையனின் தலையில்தான் விழும். அதில் ஓர் ஆபத்து உண்டு. தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி வைக்க மறந்துவிட்டால், பிஸ்டன் உச்சியை எட்டுமுன்னே வெடிப்பு நிகழும். எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். கம்பி கையை வாரி அடிக்கும். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள், கீழ்நோக்கி அழுத்தாதே, மேல்நோக்கி இழு என்பதுதான் அந்நாளைய கிளீனர்களின் பால பாடம். நான் குறிப்பிட்ட பெரியவரின் வலது மணிக்கட்டு சற்றே கோணலாக இருக்கும். பதினான்கு வயதில், ஒரு பழைய பெட்ரோல் பேருந்தின் முன்னால், அந்தப் பாடத்தை ஒரே ஒரு நாள் மறந்ததன் அடையாளம் அது. “எலும்பு கூடிருச்சு, ஆனா நேராக் கூடலை” என்று காட்டுவார்.

இத்தகைய விபத்துகள் எல்லா நாடுகளிலும் நிகழ்ந்தன. அமெரிக்காவில் பைரன் கார்ட்டர் என்றொரு கார் தயாரிப்பாளர் இருந்தார். வழியில் கார் நின்றுபோய்த் தவித்த ஒரு பெண்ணுக்கு உதவ இறங்கினார். எஞ்சின் உதைக்க, கம்பி அவர் தாடையை உடைத்தது. அதைத் தொடர்ந்த நோயில் அவர் 1908-இல் இறந்தார். அந்தச் சாவுதான் கெடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லேலண்டின் உள்ளத்தை உலுக்கியது என்று மோட்டார் உலகில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். இதன் விவரங்களில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், கையால் சுற்றும் முறைக்கு முடிவு கட்ட வேண்டும் என்று லேலண்ட் உறுதி பூண்டதும், அதற்காக அவர் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளரை நாடியதும் வரலாறு.

ஆசிரியராக இருந்து பொறியாளரானவர்

கெட்டரிங் 1876-இல் ஒகையோ மாநிலச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். கண்பார்வைக் குறைவோடு போராடிப் படித்தவர். சில காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். பிறகு டேட்டன் நகரில், கடைகளில் பணம் வாங்கிப் பதியும் இயந்திரங்களைச் செய்யும் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே, கையால் சுழற்றிய அந்த இயந்திரத்துக்கு ஒரு சிறு மின்மோட்டாரைப் பொருத்தினார். அந்த வேலை அவருக்கு ஓர் உண்மையைக் கற்பித்தது: நாள் முழுவதும் ஓட வேண்டிய மோட்டாருக்கு ஓர் அளவு, சில நொடி மட்டும் ஓட வேண்டிய மோட்டாருக்கு வேறோர் அளவு.

கார் எஞ்சினைச் சுழற்றக்கூடிய மோட்டார் அந்த எஞ்சின் அளவுக்கே பெரிதாக இருக்க வேண்டும் என்று அந்நாளைய வல்லுநர் பலர் கருதினர். அவர்கள் நாள் முழுவதும் ஓடும் மோட்டாரை மனத்தில் வைத்திருந்தார்கள். கெட்டரிங்கோ, சிறியதொரு மோட்டாரையே எடுத்து, சில நொடிகளுக்கு மட்டும் அதன் தாங்கும் அளவுக்கு மிஞ்சிய மின்சாரத்தை அதற்குள் பாய்ச்சலாம். சூடேறிக் கருகுமுன் அதன் வேலை முடிந்துவிடும் என்று கணக்கிட்டார். ஒரு களஞ்சியக் கொட்டகையில் நண்பர்களோடு உழைத்து, 1911 பிப்ரவரியில் தம் கருவியை லேலண்டுக்கு ஓட்டிக் காட்டினார். 1912-ஆம் ஆண்டு மாதிரிக் கெடிலாக் கார்கள் அதைத் தாங்கி வெளிவந்தன.

ஆனால் மோட்டார் கிடைத்ததும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. உண்மையில் அங்கேதான் தொடங்கிற்று. எஞ்சினின் பின்புறம் கனத்த சக்கரம் ஒன்று உண்டு. அதன் விளிம்பைச் சுற்றிப் பற்கள். பட்டறையில் அதை ரிங் கியர் என்பார்கள். மோட்டாரின் முனையில் சில பற்களே கொண்ட சிறு சக்கரம்; அது பினியன். எடுத்துக்காட்டாக, பினியனுக்கு 9 பல், ரிங் கியருக்கு 108 பல் என்று கொள்வோம். மோட்டார் பன்னிரண்டு முறை சுழன்றால் எஞ்சின் ஒரு முறை சுழலும். சிறியது பெரியதை அசைக்கும் சூட்சுமம் இதுவே.

இந்தக் கணக்கையே திருப்பிப் பாருங்கள். எஞ்சின் உயிர்பெற்று நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது. பினியன் இன்னும் விலகவில்லை என்றால், மோட்டார் 36,000 சுற்று சுழல நேரிடும். அதன் உள்ளே சுற்றியுள்ள செம்புக் கம்பிகள் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆகவே பினியனிடம் மூன்று செயல்களை எதிர்பார்க்கிறோம். பல்லை உடைக்காமல் சேர வேண்டும். சேர்ந்தபின் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். வேலை முடிந்த கணமே விலக வேண்டும். சேர்தல், தாங்குதல், விலகுதல்: இம்மூன்றில் தாங்குதலே எளிது. மற்ற இரண்டுமே பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தன.

கெட்டரிங்கின் நிறுவனமான டெல்கோ செய்த அமைப்புகளில், ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது பல்சக்கரங்கள் நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. பல்லுக்கு எதிரே பல் வந்து முட்டிவிட்டால் என்ன செய்வது? அதற்காக, முழு மின்சாரத்தையும் பாய்ச்சுமுன் சிறிதளவு மின்சாரத்தால் மோட்டாரை மெல்லச் சுழலவிட்டார்கள். அந்த மென்மையான அசைவில் பல் தனக்குரிய பள்ளத்தைத் தேடிக்கொள்ளும். நல்ல தீர்வுதான், ஆனால் உறுப்புகள் பல, விலையும் அதிகம். எளிய மக்களின் வண்டிக்கு எட்டவில்லை.

போதகரின் மகன்

எளிய தீர்வு வேறொருவரிடமிருந்து வந்தது. சுவீடனிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய மெதடிஸ்டு போதகர் ஒருவரின் மகன் வின்சென்ட் பெண்டிக்ஸ். 1881-இல் பிறந்தவர். இளமையிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டவர். சொந்தமாகக் கார் செய்து விற்கத் தொடங்கித் தோற்றவர். அந்தத் தோல்விக்குப் பின், எஞ்சினைத் தொடக்கும் சிக்கலில் அவர் மனம் பதிந்தது.

ஒரு போல்ட்டையும் நட்டையும் எண்ணிப் பாருங்கள். நட்டை விரலால் லேசாகப் பற்றிக்கொண்டு போல்ட்டைச் சுழற்றினால், நட்டு மரையின் வழியே முன்னால் நகரும். இந்த அன்றாடக் காட்சிதான் பெண்டிக்ஸின் கருவி. மோட்டாரின் தண்டில் மரை, மரையின்மேல் பினியன். தண்டு திடீரெனச் சுழலும்போது, பினியன் தன் எடையின் காரணமாக உடனே சுழல மறுத்துத் தயங்கும். அந்தத் தயக்கமே விரலின் வேலையைச் செய்கிறது. பினியன் மரையில் முன்னேறி ரிங் கியருக்குள் நுழைகிறது. மரையின் எல்லையை எட்டியதும் நின்று, எஞ்சினைச் சுழற்றுகிறது. எஞ்சின் உயிர்பெற்றதும் பெரிய சக்கரம் பினியனை மோட்டாரினும் வேகமாகச் சுழற்றும். அப்போது நட்டு எதிர்த்திசையில் திரும்பி, வந்த வழியே பின்வாங்கிவிடும். சேர்த்து வைக்கவும் பிரித்து வைக்கவும் மனிதன் வேண்டாம். முட்டும் அதிர்ச்சியைத் தாங்க ஒரு வலிய சுருள்வில் மட்டும் உண்டு.

1914-இல் செவர்லே கார்களில் இது இடம்பெற்றது. 1919-இல் ஃபோர்டு நிறுவனம் தன் புகழ்பெற்ற டி மாதிரிக் காருக்கு மின்தொடக்கி வழங்கியபோது அதிலும் பெண்டிக்ஸின் மரையே இருந்தது. பெருஞ்செல்வம் சேர்த்த பெண்டிக்ஸ் 1939-இல் அச்செல்வத்தை இழந்து நொடித்தார், 1945-இல் மறைந்தார். அவருடைய மாளிகைகள் கைமாறின. ஆனால் இன்றும் பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ ஏதாவதொரு பட்டறை வாசலில் நின்று பாருங்கள். “பெண்டிக்ஸ் போயிருச்சு, மாத்தணும்” என்று மெக்கானிக் சொல்வார். அது ஒரு போதகர் வீட்டுப் பெயர் என்பது சொல்பவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. மாளிகை தராத நிலைபேற்றை ஒரு சிறு பல்சக்கரம் தந்திருக்கிறது.

அக்கருவியிலும் குறைகள் இருந்தன. பினியன் முழு வேகத்தில் சுழன்றுகொண்டே பாய்ந்து சேர்வதால், ஒவ்வொரு முறையும் ஓர் அடி விழும். எஞ்சின் ஒரு தடவை பொய்யாக வெடித்தால்கூட, அது பிழைத்துக்கொண்டது என்று எண்ணிப் பினியன் விலகிவிடும். பொறுமையற்ற ஓட்டுநர், பெரிய சக்கரம் ஆடி அடங்குமுன் மீண்டும் பொத்தானை அழுத்துவார். அப்போது வில் முறியும். அல்லது பல் தெறிக்கும். சில வேளைகளில் பினியன் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டு வெளிவராது. அதற்கும் ஒரு கைவைத்தியம் இருந்தது. வண்டியைக் கியரில் போட்டு முன்னும் பின்னும் அசைத்தால் விடுபடும். சில மோட்டார்களில், தண்டின் மறுமுனையைச் சதுரமாகச் செதுக்கி வைத்திருப்பார்கள். அதைச் சாவியால் திருகி விடுவிக்கலாம்.

இன்னொரு நுட்பத்தையும் பெரியவர் எனக்குச் சொன்னார். அந்த மரைக்கு எண்ணெயோ கிரீஸோ இடக்கூடாதாம். இட்டால் புழுதி படிந்து பசையாகி, பினியன் நகராமல் நின்றுவிடும். மோட்டார் மட்டும் வெறுமனே இரைந்துகொண்டு சுழலும். என் சிறுவயது மார்கழிக் காலையில் கேட்ட ‘கிர்ர்’ இரைச்சலுக்கு விளக்கம் இப்படி எனக்குக் கிடைத்தது. மண்ணெண்ணெயில் கழுவி உலர விட்டால் போதும் என்றார். அதிகம் பூசியதால் கெட்டுப்போகும் பொருள்களும் உலகில் உண்டு என்பதை அன்று அறிந்தேன்.

திருக்குறுங்குடியிலிருந்து பாடி வரை

இனி நம் மண்ணுக்கு வருவோம். கெட்டரிங் தம் கருவியை ஓட்டிக் காட்டிய அதே 1911-இல், மதுரையில் ஒரு நிறுவனம் பிறந்தது. அதை நிறுவியவர் நெல்லைச் சீமையில், மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில், நம்பியாற்றின் அருகே உள்ள திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்று நாடறிந்த எழுத்துகளில் முதலாவது அந்தத் திருக்குறுங்குடியைக் குறிப்பதே. 1912-இல் அவர் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டார். மாட்டுவண்டிகளே ஓடிய நம் சாலைகளில், பயணச்சீட்டு வாங்கி நேரப்படி ஏறிப்போகும் மோட்டார் வண்டி என்பது அன்றைக்கு ஒரு புதுமை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோலுக்குக் கடுந்தட்டுப்பாடு வந்தபோது, அந்நிறுவனம் அடுப்புக்கரியிலிருந்து வாயு உண்டாக்கி வண்டியை ஓட்டும் கலன்களைச் செய்து தந்தது. பேருந்தின் பின்னால் கரி உலை. கணகணவென்று அது பற்றும்வரை துருத்திச் சக்கரத்தைச் சுற்றவேண்டிய பையன். ஒரு வண்டியைப் புறப்படச் செய்வது என்பது அந்நாளில் நொடியில் முடியும் செயலன்று. விடியலுக்கு முன்பே தொடங்கும் உழைப்பு.

சுந்தரம் ஐயங்கார் 1955-இல் காலமானார். அவர் நிறுவனம் தோன்றிச் சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1961-இல், இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, சென்னையை அடுத்த பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலை எழுந்தது. பர்மிங்ஹாம் தெருக்களில் மண்ணெண்ணெய் விற்றுப் பிழைத்த ஜோசப் லூகாஸ், மிதிவண்டி விளக்குகள் செய்து வளர்த்த நிறுவனம் அது. வண்டிகளைத் தொடக்கும் மின்மோட்டார்கள் தமிழ் மண்ணில், தமிழ்த் தொழிலாளரின் கைகளால் உருவாகத் தொடங்கின. ஒரு காலத்தில் கம்பியைச் சுற்றிக் கை முறிந்த கிளீனர்களின் தம்பிமாரும் பிள்ளைகளும், எந்தக் கையும் முறியாதபடி காக்கும் கருவியைச் செய்பவர்களானார்கள். தொழில் வரலாற்றில் இத்தகைய திருப்பங்களை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மெல்லச் சேரும் கலை

பெரிய டீசல் எஞ்சின்களுக்குப் பெண்டிக்ஸின் பாய்ச்சல் முறை பொருந்தவில்லை. அவற்றைச் சுழற்ற மிகுந்த வலு வேண்டும். அத்தனை வலுவோடு பாய்ந்து மோதினால் பல் மிஞ்சாது. 1926-இல் லூகாஸ் வாங்கிய சி.ஏ.வி. என்ற ஆங்கில நிறுவனம் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் ஒருவகை மோட்டாரைச் செய்தது. அதில் பினியன் மட்டுமன்று, மோட்டாரின் சுழலும் பகுதி முழுவதுமே முன்னால் நகரும். ஓட்டுநர் பொத்தானை அழுத்தியதும் சிறிதளவு மின்சாரமே உள்ளே போகும். மோட்டார் மெதுவாகச் சுழன்றுகொண்டே நகர்ந்து, பல்லைப் பள்ளத்தில் இறக்கும். நன்றாக இறங்கியபின்னரே இரண்டாவது தொடர்பு மூடப்பட்டு, முழு மின்சாரமும் பாயும்.

இதே கொள்கையை எளிமைப்படுத்தியதுதான் இன்று கார்களில் பரவலாக உள்ள முறை. மோட்டாரின் தோளில் ஒரு சிறு உருளை அமர்ந்திருக்கும், அது சோலனாய்டு. சாவியைத் திருப்பியதும் அதன் காந்தம் ஒரு நெம்புகோலை இழுக்க, நெம்புகோல் பினியனை முன்னால் தள்ளும். அந்த நகர்வின் முடிவில்தான் மோட்டாரின் பெரிய தொடர்பு மூடும். பல்லோடு பல் முட்டிவிட்டாலும் அஞ்ச வேண்டியதில்லை. இடையிலுள்ள வில் அழுந்தி இடங்கொடுக்கும். மோட்டார் ஒரு சிறு அசைவு அசைந்ததும் பல் பள்ளத்தில் விழும். நுழைவதற்கு எளிதாகப் பற்களின் முனையைச் சாய்த்துச் சீவியும் வைத்திருப்பார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கிய கணத்தில், பினியனுக்குள் உள்ள ஒருவழிப் பிடிமானம் தளர்ந்துகொடுத்து மோட்டாரைக் காக்கும். சாவியை விட்டதும் வில் பினியனைப் பின்னால் இழுத்துக்கொள்ளும்.

முன்பு: முதலில் சுழற்சி, பிறகு சேர்க்கை. இப்போது: முதலில் சேர்க்கை, பிறகு சுழற்சி. இந்த வரிசை மாற்றத்தைக் கண்டடையவே இத்தனை பாடு. நம் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களில் மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சிகளுக்கு இது புதிய செய்தியன்று. மடையை ஒரேயடியாகத் திறந்தால் வரப்புதான் உடையும். பயிருக்கு நீர் சேராது என்பதை அவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள்.

தேரின் அருகே ஓடியவர்

பெரியவர் எனக்கு இவற்றையெல்லாம் சொன்னது பொழுதுபோக்காக அன்று. அதற்கு ஒரு பின்னணி உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அந்தப் பங்குக்கு நான் சென்றபோது எனக்கு வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. குருமடத்தில் படித்தவை நெஞ்சில் கொதித்துக்கொண்டிருந்தன. சென்ற முதல் மாதத்திலேயே, ஊர்த் திருவிழாவில் சப்பரம் வரும் பாதையையும், மண்டகப்படிகளின் வரிசையையும் மாற்றி அறிவித்தேன். நோக்கம் நல்லதே, ஒதுக்கப்பட்டிருந்த ஒரு தெருவுக்கும் சப்பரம் போக வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் நான் யாரிடமும் பேசவில்லை. எவர் வீட்டுத் திண்ணையிலும் உட்காரவில்லை. எந்தத் தெருவுக்காக அந்த மாற்றத்தைச் செய்தேனோ, அந்தத் தெரு மக்களிடமும்கூட ஒரு சொல் கேட்கவில்லை. முழு வேகத்தில் சுழன்றுகொண்டே போய் மோதினேன். அவ்வாண்டு திருவிழாவே நின்றுபோயிற்று. பல மாதங்கள் பாதிக் கோயில் காலியாக இருந்தது. அதிகம் துன்புற்றவர்கள் நான் உதவ நினைத்த அந்தத் தெருவினரே.

மனமுடைந்திருந்த ஒரு மாலையில்தான் பெரியவர் கிணற்றடிக்கு வந்து அமர்ந்தார். அவரும் அந்தத் தெருக்காரர்தான். “சாமி, உங்ககிட்ட வேகம் இருக்கு. ஊருகிட்டயும் கெட்ட மனசு இல்லை. பல்லு பல்லோட முட்டுனா எரைச்சல்தான் வரும். பல்லு பள்ளத்துக்குள்ள எறங்கணும். அதுக்கு மொதல்ல மெதுவாச் சுத்தணும்” என்றார். அடுத்த ஓராண்டு முழுவதும் நான் வீடு வீடாகச் சென்றேன். பேசினதைவிடக் கேட்டதே அதிகம். மறு ஆண்டுக்கு மறு ஆண்டு, சப்பரம் அந்தத் தெருவுக்குள் போயிற்று. பழைய மண்டகப்படிக்காரர்களே அதைத் தோளில் சுமந்து போனார்கள்.

திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தை அதன்பின் நான் புதிய கண்களோடு படித்தேன். எத்தியோப்பிய அரசியின் நிதியமைச்சர் தேரில் அமர்ந்து, எசாயாவின் ஏட்டைப் படித்தபடி, காசாவுக்குச் செல்லும் பாதையில் போய்க்கொண்டிருக்கிறார். பிலிப்பு அந்தத் தேரைத் தடுத்து நிறுத்தவில்லை, தாவி ஏறவுமில்லை. தூய ஆவியார் ஏவியபடி, தேரை நெருங்கி ஓடுகிறார். தேரின் வேகமே தம் வேகமாகிறது. ஓடும்போதே அவர் படிப்பதைச் செவிமடுக்கிறார். பிறகு ஒரு கேள்வி கேட்கிறார். அழைப்பு வந்த பின்னரே ஏறி அமர்கிறார். அதன்பின் தம்மிடமுள்ள முழுவதையும் வழங்குகிறார். வழியில் நீர்நிலை வருகிறது, திருமுழுக்கு நடைபெறுகிறது. அந்தக் கணமே ஆவியார் பிலிப்பை எடுத்துச் சென்றுவிடுகிறார். அமைச்சர் அவரைப் பிறகு காணவில்லை. ஆயினும் மகிழ்ச்சியோடு தம் வழியே பயணத்தைத் தொடர்கிறார். சேர்தல், தாங்குதல், விலகுதல் ஆகிய மூன்றும் ஒரே பாலைவனப் பாதையில் நிறைவேறிவிடுகின்றன.

விலகுதல் பற்றியும் ஒரு சொல். அதை நான் இன்னும் தாமதமாகவே கற்றேன். அந்தப் பங்கிலிருந்து மாற்றலாகி வந்த பிறகும், அங்கு நடப்பதை நாள்தோறும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். யார் கேட்டாலும் கருத்துச் சொன்னேன். அன்பினால்தான் செய்கிறேன் என்று நம்பினேன். எனக்குப் பின் வந்த இளங்குருவானவர் ஒரு நாள் நேரில் வந்து, “நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள், ஃபாதர். எனக்கு இடமில்லை” என்று கண்கலங்கச் சொன்னபோதுதான் சுட்டது. ஓடத் தொடங்கிய எஞ்சினிலிருந்து விலகாத பினியன் எஞ்சினுக்கு உதவுவதில்லை, தன்னையும் கருக்கிக்கொள்கிறது. இது குருக்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. மணமான மகனின் குடும்பத்தில் இன்னும் பல் பதித்திருக்கும் பெற்றோருக்கும், பொறுப்பு முடிந்தபின்னும் சபையின் சாவியை ஒப்படைக்காத தலைவர்களுக்கும் உரியதே.

ரிங் கியரைப் பற்றிப் பெரியவர் சொன்ன ஒன்றோடு முடிக்கிறேன். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போதெல்லாம், அழுத்தத்தின் காரணமாக, ஏறக்குறைய குறிப்பிட்ட இரண்டே நிலைகளில்தான் நிற்குமாம். ஆகவே ஒவ்வொரு முறையும் பினியன் வந்து சேர்வது அதே சில பற்களில்தான். அவை மட்டும் தேய்ந்து மழுங்கும். மற்றப் பற்களெல்லாம் புத்தம் புதிதாக இருக்கும். வாங்க வசதியில்லாத நாளில், வளையத்தைச் சூடேற்றிக் கழற்றி, புரட்டி மாட்டிவிடுவார்களாம். அதே வளையம் மீண்டும் பல்லாண்டு உழைக்கும். நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் தேய்ந்த இடங்கள் உண்டு. அதே இடத்தில், அதே சொல்லால், அதே உறவு மீண்டும் மீண்டும் அடிபடுகிறது. அதற்காக வளையத்தையே தூக்கி எறிந்துவிடுகிறோம். சற்றே சூடேற்றித் திருப்பி மாட்டினால் போதும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. மனமாற்றம் என்று திருச்சபை சொல்வதும் ஏறத்தாழ அதுதானோ என்று நான் எண்ணுவதுண்டு.

மின்கலத்தால் ஓடும் வண்டிகள் நம் சாலைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பினியனும் இல்லை, ரிங் கியரும் இல்லை. இந்தக் கலையே ஒரு நாள் மறக்கப்படலாம். பெரியவரும் இறந்துவிட்டார். அவருடைய அடக்கத்துக்கு நான் சென்றிருந்தேன். அந்தத் தெருவிலிருந்து கோயில் வரை, சப்பரம் போகும் அதே பாதையில், ஊர் முழுவதும் முறைமாறித் தோள்கொடுத்து அவரைச் சுமந்து வந்தது. கல்லறையில் மண் இடும்போது, அவருடைய கோணலான வலது கை என் நினைவுக்கு வந்தது. திருச்சடங்கை நிறைவேற்றியவர் இப்போதைய பங்குத்தந்தை. நான் பின்வரிசையில் மக்களோடு நின்றேன்.